முப்பத்தொன்றாம் எண் குறட்டை

கிட்டெங்கா, மசாகா வழி
14 ஜூன் 2012

மாப்பிள்ளைக்கு,

கடிதத்தின் தொடக்கத்தில் நலம் விசாரிப்பதுதான் முறை. ரோபினாவுக்கு இது ஏழாவது மாதம். அவள் நலத்தை மட்டும் விசாரிக்கிறேன். உங்கள் நலத்தைக் கடைசியில், மனம் வந்தால் கேட்பேன்.

செவ்வாய்க்கிழமை காலை நானும் மாதர் சங்கத்துப் பெண்கள் ஏழு பேரும் கடை வாசலில் தார்ப்பாய் விரித்துக் காப்பிக் கொட்டையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். கடைக்காரர் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார். கம்பாலாவிலிருந்து டாக்டர் கசூலே பேசுகிறார் என்று சொன்னதும் எல்லோரையும் வாயை மூடச் சொன்னவள் நான். "எங்க மாப்பிள்ளைடி. ஒரு வார்த்தை விடாம கேளுங்க" என்றேன். நான் எவ்வளவு பெருமையாக உட்கார்ந்திருந்தேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற நோயைப் பற்றி நீங்கள் நன்றாகத்தான் சொன்னீர்கள். பிறகு, "ஒரு நோயாளியின் சத்தத்தைக் கேளுங்கள்" என்று ஒன்றைப் போட்டீர்கள். முதலில் மரம் அறுக்கிற மாதிரி, அப்புறம் சேற்றில் மாட்டிய லாரி மாதிரி, அப்புறம் ஒன்றுமே இல்லை. ரேடியோ கெட்டுவிட்டதோ என்று பார்த்தோம். பிறகு தண்ணீரில் மூழ்கினவள் தலை தூக்குகிற மாதிரி ஓர் இழுப்பு. பெண்கள் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது யார் தெரியுமா? நான்தான். "யாருடி இது, நீர்யானையக் கட்டில்ல கட்டிவெச்சிருக்காங்க! இவ புருஷன் செத்துட்டானா, இல்ல ஊரை விட்டு ஓடிட்டானா?" என்று கேட்டேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.

அந்தக் குறட்டைக்கு நடுவில் ஒரு கடிகாரம் இரண்டு அடித்தது. அடித்து முடித்ததும், டீக் கோப்பைக்குள் கரண்டி விழுந்த மாதிரி 'க்ளிங்' என்றது.

நீங்கள் பெண் கேட்டு வந்த அன்று மற்றச் சீர்களோடு கொண்டுவந்து வைத்த கடிகாரம் அது. சுவரிலிருந்து ஒருமுறை விழுந்ததிலிருந்து அந்தக் 'க்ளிங்' சேர்ந்துகொண்டது. இந்த ஊரில் அதைக் கேட்காதவர் இல்லை. வருகிறவர் எல்லோரையும் நிற்கவைத்து, "டாக்டர் மாப்பிள்ளை கொண்டுவந்தது" என்று காட்டியவள் நான்தானே.

சிரிப்பு நின்றது. கடைக்காரரின் மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எசேசா அக்கா, ஒங்க வீட்டுக் கடிகாரம் ரேடியோவுக்குப் போயிருக்கு போல" என்றாள். நான் எழுந்தேன். எழுந்த வேகத்தில் பொறுக்கிய கொட்டையும் பொறுக்காத கொட்டையும் ஒன்றாய்க் கொட்டின. யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

மாப்பிள்ளை, மாமியார் தூங்குகிற கூரைக்குக் கீழே மாப்பிள்ளை தூங்கக் கூடாது. என் கை உங்கள் மேல் படக் கூடாது. பதினோரு வருஷமாகக் காப்பாற்றினோம். போனில் பேசினால் இரண்டு பேர் குரலும் ஒரே காதுக்குள் உட்காருமே என்று கடிதம்தான் எழுதிக்கொண்டோம். இப்போது நான் தூங்குவதை நீங்கள் காதால் கேட்டுவிட்டீர்கள். நீங்கள் மட்டுமா, நாடே கேட்டது. அன்றிலிருந்து என் வலது கை நடுங்குகிறது. முறை தப்பினால் வருகிற நடுக்கம், ஒபுக்கோ, என் கையில் இறங்கிவிட்டது. இந்த எழுத்தைப் பாருங்கள், தெரியும். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள் என்றாலும் என் எழுத்து இதுவரை கோணியதில்லை.

என் தூக்கம் உங்கள் கைக்கு எப்படி வந்தது? அதை மட்டும் எழுதுங்கள். மாதர் சங்கத் தலைவி பதவியை நேற்று விட்டுவிட்டேன்.

உங்கள் நலம் கேட்க மனம் வரவில்லை.

எசேசா நபுகாலு

*

கம்பாலா
20 ஜூன் 2012

மதிப்புக்குரிய அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான்காம் முறை ரோபினா என் கையிலிருந்து வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு அவள் சொன்னது எனக்கும் புதியது.

ஈஸ்டருக்கு ஊருக்கு வந்தபோது, என் ஆராய்ச்சிக்கான ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைப் பையில் எடுத்துவந்து, போன் சார்ஜர் என்று உங்களிடம் சொல்லிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள். திரும்பி வந்ததும் மற்றக் கருவிகளோடு சேர்த்துவிட்டாள். எங்கள் கருவிகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். சம்மதத் தாளிலும் அவளே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். "ஒங்ககிட்ட சொன்னா முறையில்லன்னு கேக்க மாட்டீங்க. அம்மாகிட்ட சொன்னா வைக்கவே விட மாட்டாங்க. அவங்க தெனமும் செத்துச் செத்துப் பிழைக்கிறாங்க. நான் என்ன பண்ணுவேன்?" என்று கேட்டாள்.

வானொலிக்கு நான் எடுத்துப்போனது முப்பத்தொன்றாம் எண். அது யாருடையது என்று அதை எடுத்தபோது எனக்குத் தெரியாது. ஆனாலும் தவறு என்னுடையதுதான். அந்தச் சம்மதத் தாளில் வானொலி என்ற சொல்லே இல்லை. ஆராய்ச்சிக்குக் கொடுத்ததை ஊர் கேட்க எடுத்துப்போக எனக்கு உரிமை இல்லை. மன்னிப்புக் கேட்கிறேன்.

இனி எழுதப்போவதை மாப்பிள்ளையாக எழுதவில்லை, டாக்டராக எழுதுகிறேன். கோபப்படாமல் படியுங்கள். முப்பத்தொன்றாம் எண்ணுக்கு மூச்சு அடிக்கடி நிற்கிறது. ஒருமுறை ஐம்பத்திரண்டு விநாடி நின்றது. தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைத்துக்கொள்கிறது. உடம்பு பயந்து விழித்து ஒரு மூச்சை இழுக்கிறது. மறுபடி அடைக்கிறது. இதனால் இரத்த அழுத்தம் ஏறும். இதயம் களைக்கும். ஒருநாள் அந்த இழுப்பு வராமலே போகலாம்.

காலையில் தலை வலிக்கிறதா? பிரசங்கத்தின்போது தூங்கிப்போகிறீர்களா? யாராவது நெஞ்சில் உட்கார்ந்து அழுத்துவதுபோலத் திடுக்கிட்டு விழிக்கிறீர்களா? இதற்குக் கருவி இருக்கிறது. மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்கினால் காற்றை உள்ளே தள்ளித் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும். நீங்கள் சரி என்றால் அனுப்புகிறேன்.

வெட்கத்தோடு,
கசூலே

*

கிட்டெங்கா
1 ஜூலை 2012

மாப்பிள்ளைக்கு,

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் ஆமாம்தான். ஆனால் அது தொண்டைச் சதை இல்லை. யார் என்று எனக்குத் தெரியும்.

ரோபினா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. நாலு வருஷத்துக்கு முன்னால், சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கெவினாவின் ஆடு வேலி தாண்டி வந்து என் அவரைச் செடியை மொட்டையடித்தது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்றாம் தடவை பிடித்து என் வாழைத் தோப்பில் கட்டிப்போட்டேன். அவளே வந்து கெஞ்சி அவிழ்த்துப் போகட்டும் என்று இருந்தேன். அவள் வருவதற்குள் ஆடு மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கயிறு கழுத்தில் இறுகிச் செத்துப்போனது. கெவினா அதைத் தோளில் போட்டுக்கொண்டு போகும்போது திரும்பி, "இது எப்படி மூச்சு முட்டிச் செத்துச்சோ, அப்படி ஒனக்கும் ஒருநாள் முட்டும், பாரு" என்றாள்.

அந்த வாரமே ஆரம்பித்தது. நெஞ்சில் ஒரு பாரம், தொண்டையில் கயிறு. வாயைத் திறந்தால் காற்று வராது. விழித்தால் யாரும் இருக்க மாட்டார்கள். யார் என்று நான் யோசிக்க வேண்டியதே இல்லை. கோவிலிலும் சொன்னேன், தார்ப்பாயிலும் சொன்னேன். நான் சொன்னால் ஊர் கேட்கும், அது உங்களுக்குத் தெரியும்.

அதிலிருந்து அவள் கையால் ஒருவரும் காப்பிக் கொட்டை வாங்குவதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மென்று தின்ன நீட்ட அவித்துக் காயவைத்த கொட்டை அவள் கூடையிலேயே கிடந்து பூசணம் பிடிக்கிறது. அவள் மகளைப் பெண் கேட்டு வந்த நாளில், பெண் வீட்டுப் பந்தலில் உட்கார இந்த ஊரிலிருந்து ஒருவரும் போகவில்லை. முப்பது நாற்காலி வாடகைக்கு எடுத்திருந்தாள். அவள் வீட்டார் மூன்று பேர் போக இருபத்தேழு காலி. மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டுக் கூடைகளை வண்டியிலிருந்து இறக்காமலே திரும்பிப் போனார்கள். நான் என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் சொல்கிற மாதிரி இது தொண்டைச் சதைதான் என்றால், நான் செய்தது என்ன? அதனால்தான் சொல்கிறேன், உங்கள் கருவி எனக்கு வேண்டாம். உங்கள் நோயும் வேண்டாம். எனக்கு இருக்கிறது கெவினாதான்.

இன்னொன்று. "அதை எடுத்தபோது எனக்குத் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். எடுத்தபோது. ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்கும் அந்தச் சொல் கண்ணில் படும். கடிகாரம் அடித்த பிறகும் நீங்கள் அதை நிறுத்தவில்லை. என்னை எண்ண வைத்தது ரோஷம்தான். தார்ப்பாயிலிருந்து கடையின் மூலைவரை இருபத்தாறு அடி நடந்தேன், அதற்குப் பிறகுதான் அடுத்த இழுப்பு கேட்டது. அந்தக் கடிகாரம் உங்களுக்குத் தெரியாதா? எங்கள் முற்றத்தில் எத்தனை தடவை உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறீர்கள்?

எசேசா நபுகாலு

*

கம்பாலா
9 ஜூலை 2012

அத்தைக்கு,

ஐந்து நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

தெரிந்தது. கடிகாரம் இரண்டு அடித்து, அந்தக் கரண்டிச் சத்தம் வந்ததுமே தெரிந்தது. என் கை நிறுத்தும் பொத்தானுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அடுத்து வருவது ஐம்பத்திரண்டு விநாடி மௌனம். அதைவிட நீளமான மௌனம் என்னிடம் இருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் இல்லை. எதிரே அறிவிப்பாளர் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நாடே இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறது, இனி என் வேலையை யாரும் குறட்டை டாக்டர் என்று கேலி பண்ண மாட்டார்கள் என்று நினைத்தேன். கையை எடுத்துவிட்டேன். கடைசிவரை ஓடவிட்டேன். என் மனைவியின் தாய் மூச்சில்லாமல் கிடந்த நேரத்தை நான் அப்படித்தான் செலவழித்தேன்.

வெளியே வந்தபோது என் கையும் நடுங்கியது. நடுக்கம் என்பது நரம்பின் வேலை என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். ஆனாலும் எங்கள் குலத்துப் பெரியவரிடம் போய்க் கேட்டேன். அவர், "ரேடியோவுக்குக் கூரை உண்டாடா?" என்று கேட்டார். பிறகு, "கூரை இருக்கோ இல்லையோ, ஒனக்கு வெட்கம் இல்லாமப் போச்சு. அதுக்கு நான் என்ன மருந்து சொல்ல?" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நெறிகளைப் பார்க்கும் குழுவிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் என் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது நியாயம்தான்.

இன்னொரு வெட்கமும் இருக்கிறது. அதை நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். எங்கள் கேள்வித்தாளில் ஒரு வரி உண்டு: தூங்கும்போது யாராவது நெஞ்சில் உட்கார்ந்து அழுத்துவதுபோல இருக்கிறதா? ஆம், இல்லை. அவ்வளவுதான். நிறையப் பேர் ஆம் என்பதோடு நிறுத்துவதில்லை. ஒரு பெயரும் சொல்வார்கள். நர்சுகள் அதை ஓரத்தில் எழுதிவைப்பார்கள். அதற்குக் கட்டம் இல்லாததால் கணினியில் ஏற்றும்போது நாங்கள் விட்டுவிடுவோம். உங்கள் கடிதம் வந்தபிறகு பெட்டியைத் திறந்து தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஐம்பத்தெட்டுப் பெயர்கள். சக்களத்தி, மாமியார், பக்கத்து வீட்டுக்காரி, செத்துப்போன தம்பி. ஒரு பெயர் ஒன்பது வயதுச் சிறுமியுடையது. அந்த ஐம்பத்தெட்டு வீடுகளில் என்ன நடந்தது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. எனக்கு மூச்சு மட்டும்தான் வேண்டியிருந்தது.

அத்தை, அது கெவினா இல்லை. உங்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஆடு செத்த வாரத்தில் ஆரம்பித்தது என்கிறீர்கள். மூச்சு அதற்கு முன்பே நின்றுகொண்டுதான் இருந்திருக்கும். அந்த வாரம்தான் உங்களுக்குத் தூக்கத்தில் பயம் வந்தது. பயந்தவள் விழித்துக்கொள்கிறாள். விழித்ததால் தெரிந்தது.

இருபத்தைந்தாம் தேதி எங்கள் நர்ஸ் அப்பக்கம் வருகிறார். மறுத்தாலும் கருவியை அவரிடம் கொடுத்தனுப்புவேன். அதற்கான பேட்டரியும் வெயிலில் வைக்கும் தகடும் கூட வரும். முதல் இரவு கருவி இல்லாமல், இரண்டாம் இரவு கருவியோடு தூங்க வேண்டும். இரண்டு இரவும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு நின்றதும் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். இருபதைத் தாண்டினால் அதை ஒரு தடவை என்று குறித்துக்கொள்ள வேண்டும். ரோபினாவால் இப்போது பயணம் செய்ய முடியாது. உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரை உட்கார வையுங்கள்.

கசூலே

*

கிட்டெங்கா
17 ஜூலை 2012

மாப்பிள்ளைக்கு,

உண்மையை எழுதினதற்காக உங்களை மெச்சமாட்டேன். ஆனால் அந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன்.

நீங்கள் எழுதினது பொய்யாக இருக்க வேண்டும் என்று மூன்று நாள் ஜெபம் பண்ணினேன். இப்படி ஒரு ஜெபம் நான் பண்ணுவேன் என்று நினைத்ததே இல்லை. நாலாம் நாள் கஞ்சி கிண்டிக்கொண்டே தூங்கி முழங்கையைச் சுட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் ஆள் தேடினேன்.

முதலில் கடைக்காரரின் மனைவியைக் கேட்டேன். "அய்யோ அக்கா, ராத்திரி அது வந்தா, ஒங்கள விட்டுட்டு என் மேல ஏறிக்கிச்சுன்னா?" என்றாள். பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நிற்பவளைக் கேட்டேன். அவள் திடீரென்று முழங்கால் வலி என்றாள். என் அண்ணன் மகளைக் கேட்டேன். "நீங்கதானே அத்தை சொன்னீங்க, அந்த ரூம்ல அது நின்னுக்கிட்டே இருக்கும்னு?" என்றாள். போதகர் மனைவியைக் கேட்டேன். அவர் ஜெபம் பண்ணுவதாகச் சொன்னார், அவர் வீட்டிலிருந்தே.

ஒருவர்கூட இல்லை, மாப்பிள்ளை. நாலு வருஷம் ஊர் முழுக்க நான் விதைத்த பயம் விளைந்து என் வாசலிலேயே நிற்கிறது. அந்த அறையில் ஒன்றும் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவள் இந்த ஊரில் ஒருத்திதான். அவள் பெயரை இங்கே எழுதக் கை வரவில்லை.

எசேசா

*

கம்பாலா
21 ஜூலை 2012

அத்தைக்கு,

நானே வருகிறேன். முற்றத்தில், ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து எண்ணுகிறேன். கேட்டதைக் கேட்டாயிற்று, இனி முறை என்ன மிச்சம் இருக்கிறது? தண்டம் என்ன என்று பெரியவர்கள் சொல்லட்டும், செலுத்துகிறேன். உங்களை இழந்துவிட்டு முறையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

கசூலே

*

கிட்டெங்கா
6 ஆகஸ்ட் 2012

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுதியிருந்தால் 'சரி' என்று எழுதியிருப்பேன். அது எனக்குச் சுலபமான வழி. அதனால்தான் எழுதவில்லை.

மறுநாள் காலையில் சாலையைத் தாண்டிப் போனேன். பத்தடி அகலச் சாலைதான். நாலு வருஷமாகத் தாண்டாததால் நடுவில் போய் நின்றுவிட்டேன். ஒரு சைக்கிள்காரன் மணி அடித்துத் திட்டினான். கெவினா முற்றத்தில் காப்பிக் கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "என்ன, அவரைச் செடிக்கு நஷ்டம் கேட்டு வந்தியா? இப்ப என்கிட்ட ஆடு இல்ல" என்றாள்.

சொல்ல வந்ததை வழியெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "ராத்திரி என் பக்கத்துல ஒக்காரணும்" என்று மட்டும் வந்தது.

அவள் அப்போதுதான் நிமிர்ந்தாள். "நான் வந்தா நெஞ்சு மேலயே ஒக்காரணுமா, இல்ல நாற்காலி போடுவியா?"

மாப்பிள்ளை, உங்கள் ரேடியோ எனக்குக் கொடுத்த வெட்கம் எல்லாம் இந்த ஒரு கேள்விக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அங்கேயே நின்று உங்கள் ஆராய்ச்சியை எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். தொண்டைச் சதை, இருபதுவரை எண்ணுவது, கருவி. அவள் கொட்டையைப் புரட்டிக்கொண்டே கேட்டாள். "அன்னிக்கு ரேடியோவுல ஒன் மூச்சு மொத தடவை நின்னப்போ அவளுங்க எல்லாம் அடுத்த சத்தத்துக்குச் சிரிக்கக் காத்துக்கிட்டிருந்தாளுங்க. நான் இங்கருந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். அப்புறம் கடிகாரம் அடிச்சு, நீதான்னு தெரிஞ்சிருச்சு. மூச்சு மறுபடி நின்னுச்சு. எண்ணினேன். நாப்பதுக்கு மேல போச்சு. நீ செத்துட்டன்னு நெனச்சேன்" என்றாள்.

"சந்தோஷப்பட்டியா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்" என்றாள். பிறகு, "வரேன். ஆனா மொதல்ல எங்க சொன்னியோ அங்கயே போய்ச் சொல்லு. எல்லாரும் இருக்கறப்போ சொல்லு" என்றாள்.

திங்கட்கிழமை தார்ப்பாயில் எல்லோரும் இருந்தார்கள். கெவினா சாலைக்கு அந்தப் பக்கம் அவள் வாசலில் நின்றாள். அவள் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அவளைப் பார்த்து முழங்கால் போட்டேன். கல் குத்தியது. "ஆட்டைக் கட்டிப்போட்டது நான். கயித்த நீளமா விடாததும் நான். ராத்திரி என் மூச்ச நிறுத்துறது என் தொண்டைதான், கெவினா இல்ல. நான் சொன்னது அபாண்டம்" என்றேன்.

"கேக்கல" என்றாள் சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "நாலு வருஷத்துக்கு முன்னாடி சொன்னப்போ மலைக்கு அந்தாண்ட வரைக்கும் கேட்டுச்சே. இப்ப தொண்டைக்கு என்ன?"

கடைக்காரர் ரேடியோவை அணைத்தார். நான் மறுபடி சொன்னேன், கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரின் மனைவி தலையைக் குனிந்துகொண்டு பொறுக்கின கொட்டையிலேயே திரும்பக் கல் பொறுக்கினாள். அன்று காலியாகக் கிடந்த நாற்காலிகளில் ஒன்று அவளுடையது.

நர்ஸ் இருபத்தைந்தாம் தேதியே வந்து கருவியை மாட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார். திங்கட்கிழமை இரவு கெவினா வந்தாள். ஒரு கூடையும் ஒரு காலித் தகரக் குவளையும் கொண்டுவந்தாள். கூடையில் அவித்துக் காயவைத்த காப்பிக் கொட்டை. எழுதத் தெரியாது, அதனால் மூச்சு நிற்கிற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கொட்டையைக் குவளையில் போடுவதாகச் சொன்னாள். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "தூங்கு. நான் பறந்து போயிட மாட்டேன்" என்றாள். வெட்கத்தில் தூக்கம் வராது என்று நினைத்தேன். ஆனால் உடனே தூங்கிவிட்டேனாம். அதுவும் ஒரு வெட்கம்.

விடிந்ததும் குவளையை என் போர்வையில் கவிழ்த்தாள். அறுபத்து மூன்று. "இத்தனை தடவை நின்னுச்சு. ஒவ்வொரு தடவையும் ஒன் நெஞ்சு மேல யாராவது இருக்காங்களான்னு விளக்கப் பிடிச்சுப் பாத்தேன். ஒரு பூனைகூட இல்ல" என்றாள். அறுபத்து மூன்றையும் திரும்பக் கூடையில் அள்ளிக்கொண்டு போய்விட்டாள். ஒன்றைக்கூட எனக்கு நீட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாம் இரவு உங்கள் கருவியை மாட்டிக்கொண்டேன். "இப்ப நெஜமாவே பேய் மாதிரி இருக்க" என்று சொன்னாள் கெவினா. காலையில் விழித்தபோது தலை வலிக்கவில்லை. எத்தனை வருஷம் கழித்து என்று எனக்கே தெரியவில்லை. கடிகாரம் ஆறு அடித்துக் 'க்ளிங்' என்றது. அதை முழுசாகக் கேட்டேன்.

குவளையில் நாலு கொட்டை இருந்தன. வாசலுக்குப் போய்ப் படியில் உட்கார்ந்தோம். தண்ணீர் எடுக்கப் பெண்கள் போகிற நேரம். அவர்கள் பார்க்கிற மாதிரிதான் அவள் கையை நீட்டினாள். இரண்டு எனக்கு, இரண்டு அவளுக்கு. நான் கையை நீட்டினேன். அது நடுங்கியது. ஒரு கொட்டை மண்ணில் விழுந்தது. கெவினா குனிந்து எடுத்து, தன் உடையில் துடைத்து, மறுபடி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். வாயில் போட்டு மென்றேன். குடத்தோடு போனவர்கள் நின்றார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று மெதுவாக மென்றேன்.

"ஒன் மாப்பிள்ளைக்கு, நான் மன்னிச்சுட்டேன்னு எழுதிப்புடாத" என்றாள். "அந்த இருபத்தேழு நாற்காலிய நான் மறக்கல." சரி என்றேன். அதனால் நான் அப்படி எழுதவில்லை. அவள் மகளை மறுபடி பெண் கேட்டு யாராவது வந்தால் நாற்காலிகள் நிறையும்படி பார்த்துக்கொள்வது என் வேலை. வீடு வீடாகப் போகிறேன். சிலர் கதவைத் திறக்கிறார்கள்.

அந்தச் சத்தத்தை நீங்கள் இனி எங்கேயாவது போடுவதானால் என் பெயரைச் சொல்லிப் போடுங்கள். எண் வேண்டாம். கடிகாரத்தையும் வெட்டாதீர்கள். இந்த முறை கையெழுத்து என்னுடையது, இந்தக் கடிதமே சம்மதத் தாள்.

உங்கள் கேள்வித்தாளில் அந்த வரிக்குப் பக்கத்தில் இனிமேல் ஒரு கட்டம் போடுங்கள். பெயர் எழுதுகிற கட்டம். ஐம்பத்தெட்டு வீட்டுக்கும் ஆள் அனுப்புங்கள். அந்தச் சிறுமி வீட்டுக்கு முதலில் அனுப்புங்கள். என் தாளில் கெவினாவின் பெயரை எழுதுங்கள். அவள் என்ன செய்தாள் என்று கேட்டால், எண்ணினாள் என்று எழுதுங்கள்.

கை இன்னும் கொஞ்சம் நடுங்குகிறது. எழுத்து கோணல்தான். இருந்தாலும் முதல் கடிதத்தில் எழுதாமல் விட்ட ஒன்றைக் கடைசியில் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை, நீங்கள் நலமா?

எசேசா நபுகாலு